2314-ஆம் எண் படம்: சுவாமிமலைப் பட்டறையின் பத்தாயிரம் படங்களை வடிவம் மாற்றியபோது நடந்தது

கும்பகோணத்தில் நான் வைத்திருப்பது சின்னக் கடை. படம் பிரின்ட் போடுவது, பழைய படங்களை ஸ்கேன் செய்வது, ஆல்பம் வடிவமைப்பது, முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. இங்கே எழுதுவது போன ஐப்பசியில் தொடங்கி மாசியில் முடிந்த ஒரு வேலையைப் பற்றி. பிழை என்னுடையது. பட்டறைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். எண்ணிக்கைகள் அப்போது ஒரு தாளில் எழுதி வைத்தவை.

## பட்டறையும் படங்களும்

சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறை. அப்பா ஸ்தபதி, எழுபதைத் தாண்டியவர். மூத்த மகன் ஆர்டர் பிடிப்பதும் அனுப்புவதும் பார்க்கிறார். இளையவர் உளிவேலை. மூத்த மருமகள் கணக்கு வழக்கு.

அங்கே படம் எதற்கு இவ்வளவு முக்கியம் என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் பிடிப்பார்கள். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைப்பார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சுக்கு ஒரு சிலை, அவ்வளவுதான். ஆகவே மெழுகு நிலையில் ஒரு அம்மன் எப்படி இருந்தாள் என்பது அன்று எடுத்த படத்தில் மட்டுமே இருக்கும். திரும்ப எடுக்க வழியில்லை.

பெரியவர் பல வருடமாக ஒவ்வொரு வேலையையும் படிப்படியாகப் படம் எடுத்து வருகிறார்: மெழுகு, மண் பூசியது, உடைத்து எடுத்ததும் கரடுமுரடாக இருப்பது, பாதி உளிவேலை, முடிந்தது. எடுத்த கையோடு ஒரு நீள நோட்டில் ஆர்டர் எண், படத்தின் எண், நிலை, தமிழ்த் தேதி என நான்கு கட்டம். கேமரா திரையில் வரும் எண்ணைப் பார்த்து அப்படியே எழுதுவார்.

வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு மட்டுமல்ல இது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. புதிதாக வார்த்த சிலை வெளிநாடு போகும்போது அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்குகிறார்கள். விண்ணப்பத்தோடு படங்களும் போகும். மெழுகுப் படத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆனாலும் பெரியவர் சொல்வார்: “மெழுகுல நிக்கிற படம் கையில இருந்தா, இது பழசுன்னு எவன் சொல்ல முடியும்?”

## கைக்கு வந்தவை

ஐப்பசி முதல் வாரத்தில் மூத்தவர் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். தேவை மூன்று. ஒரு விளம்பரப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். அச்சகம் டிஃப் வடிவில் படம் கேட்டிருக்கிறது. விண்ணப்பங்களுக்கு ஜேபெக் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, “பாதிப் படம் எங்க கம்ப்யூட்டர்ல திறக்கவே மாட்டேங்குது, எல்லாத்தையும் ஜேபெக் ஆக்கிக் குடுத்துடுங்க தம்பி.”

டிஸ்க்கில் நான்கு ஃபோல்டர்கள். பெரியவரின் பழைய பாக்கெட் கேமராவில் எடுத்தவை 3,128; எல்லாம் ஜேபெக். இளையவரின் ஆண்ட்ராய்டு போன் படங்கள் 1,874, அதுவும் ஜேபெக். மூத்தவரின் ஐபோன் படங்கள் 4,406, எச்.இ.ஐ.சி. என்ற வடிவில். வாட்ஸப்பில் வந்தவை 642. மொத்தம் 10,050. இந்தக் கூட்டலை நான் அன்றைக்குப் போடவில்லை, இரண்டு மாதம் கழித்துத்தான் போட்டேன்.

திறக்காதவை ஐபோன் படங்கள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7-உம் அதற்குப் பின் வந்தவையும் படத்தை எச்.இ.ஐ.சி.யாகச் சேமிக்கின்றன. ஜேபெக்கைவிட ஏறத்தாழ பாதி இடம்தான் பிடிக்கும். அதைத் திறக்கும் சேர்க்கை மென்பொருளை நிறுவாத விண்டோஸ் கணினியில் அது வெறும் வெள்ளைத் தாள் மாதிரி நிற்கும். பட்டறையில் அதைக் ‘கெட்டுப்போன படம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சொல் பின்னால் பெரிய வேலை பார்த்தது.

## முதல் ஓட்டம்

கடையில் வழக்கமாக ஓட்டும் தொகுதி மாற்றி மென்பொருளில் நான்கு ஃபோல்டரையும் சேர்த்துக் கொடுத்தேன். வெளியே போக வேண்டிய இடம்: அதே டிஸ்க்கில் ‘ஜேபெக்’ என்று ஒரே ஒரு ஃபோல்டர். தேடுவதற்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். தரம் 80. ‘எக்ஸிஃப் தகவலை வைத்துக்கொள்’ என்பதில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். எடுத்த தேதி, கேமரா, இருப்பிடம் போன்ற குறிப்புகள் படக் கோப்புக்குள்ளேயே இருக்கும், அதுதான் எக்ஸிஃப். கல்யாண ஆல்பங்களை இணையத்தில் ஏற்றும்போது இருப்பிடம் வெளியே போகாமலிருக்க எப்போதும் எடுத்துவிடுவது வழக்கம். கை தானாக அங்கே போனது.

இரவு எட்டரைக்கு ஓட்டம் தொடங்கியது. வெளியே ஐப்பசி மழை. பெரியவரின் ஃபோல்டர் முடிந்து இளையவரின் ஃபோல்டர் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கியது, அப்புறம் எல்லாம் அணைந்தது.

கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். முதல் கோப்பிலேயே நின்றது: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மேலெழுதவா? இருக்கத்தானே செய்யும், கரண்ட் போவதற்கு முன் உருவானவை அவை. ஆயிரக்கணக்கான தடவை உட்கார்ந்து ‘சரி’ அமுக்க முடியாது. ‘கேட்காமல் மேலெழுது’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் வந்து பார்த்தால் திரையில் ‘முடிந்தது, பிழைகள் 0’. நாலைந்து படத்தைத் திறந்து பார்த்தேன், நன்றாகவே இருந்தன. டிஸ்க்கை வாங்க வந்தவர் இளைய மகன். அவரிடம் நான் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “எல்லாம் மாத்தியாச்சுண்ணே, இனிமே இந்த ஜேபெக் ஃபோல்டரை வெச்சுக்கிட்டாப் போதும்.”

## கவனிக்காமல் விட்ட அறிகுறி

மூன்றாம் நாள் மருமகள் போன் செய்தார். “அண்ணா, நின்ன பெருமாள் எல்லாம் படுத்துட்டாரு.” உண்மைதான். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களில் ஏராளமானவை பக்கவாட்டில் விழுந்திருந்தன. நின்ற கோலத்தில் வார்த்த சீனிவாசப் பெருமாள் சீரங்கத்துப் பெருமாளாகப் பள்ளிகொண்டிருந்தார். இருவரும் சிரித்தோம்.

காரணம் இது. போனை எப்படிப் பிடித்தாலும் உள்ளே இருக்கும் உணரி எழுதுவது பெரும்பாலும் படுக்கைவாட்டுப் படம்தான். ‘காட்டும்போது இந்தப் பக்கம் திருப்பிக் காட்டு’ என்று 1 முதல் 8 வரை ஒரு எண் எக்ஸிஃப் தகவலில் இருக்கும். நான் எக்ஸிஃப்பையே கழற்றிவிட்டதால் திருப்பச் சொல்ல ஆள் இல்லை. அன்றைக்கே நின்று, “எக்ஸிஃப் போயிருந்தால் கூட வேறென்ன போயிருக்கும்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தப்பியிருக்கலாம், மூலக் கோப்புகள் அப்போது டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. நான் கேட்கவில்லை. படுத்தவற்றை மொத்தமாகத் திருப்பி, திருத்தியதை ஒரு பென் டிரைவில் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். கடையில் இருந்த நகலையும் பதினைந்து நாள் கழித்து வழக்கம்போல் அழித்தேன்.

கார்த்திகைக் கடைசியில் இளையவர் வீட்டில் சடங்கு. வீடியோவைப் போட்டு வைக்க டிஸ்க் வேண்டியிருந்தது. ஜேபெக் ஃபோல்டரைக் கணினியில் நகலெடுத்துவிட்டு, ‘கெட்டுப்போன படங்கள்’ உட்பட எல்லாவற்றையும் சேர்த்து ஃபார்மட் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. போதும் என்று சொன்னது நான்.

## 2314

மார்கழி முதல் வாரம் பெரியவர் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கக் கடைக்கு வந்தார். நோட்டை ஜவுளிக்கடைப் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் கோடு பிடித்துப் படித்தார்.

“2314 எடுங்க தம்பி. சிவகாமி, ரெண்டேகால் அடி. மெழுகு.”

ஐஎம்ஜி_2314 திறந்தது. ஓட்டல் மேசை, வாழை இலை, பாதி பிய்த்த பரோட்டா, சால்னா கிண்ணம்.

“இது யாரு சாப்பிட்டது?”

2315-உம் அதே பரோட்டா, கொஞ்சம் கிட்டத்தில். 2316 ஒரு பைக்கின் பின்சக்கரம். 2340 வரை போய்ப் பார்த்தோம், சிவகாமி இல்லை. பெரியவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

டிஜிட்டல் கேமராக்கள் கோப்புக்குப் பெயர் வைப்பதற்கு 1998 முதல் ஒரு பொது விதி உண்டு: நான்கு எழுத்து, நான்கு இலக்கம். 0001-இல் தொடங்கி 9999 வரை போய் மறுபடி 0001. பெரியவரின் கேமரா ஐஎம்ஜி_ என்று தொடங்கும், ஐபோனும் ஐஎம்ஜி_ என்றுதான் தொடங்கும். கேமராவின் 2314 ஜேபெக், போனின் 2314 எச்.இ.ஐ.சி. பெயரின் கடைசியில் வடிவத்தைச் சொல்லும் பின்னொட்டு வேறாக இருந்தவரை இரண்டும் வேறு வேறு கோப்பு. இரண்டையும் ஜேபெக் ஆக்கி ஒரே ஃபோல்டரில் போட்டதும் இரண்டுக்கும் ஒரே பெயர். பெரியவரின் படம் முதலில் போய் உட்கார்ந்தது, மகனின் படம் பின்னால் வந்து அதன் மேல் உட்கார்ந்தது. விண்டோஸ் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் பார்க்காது.

ஆண்ட்ராய்டு படங்களின் பெயரில் தேதியும் நேரமும் இருந்ததால் அவை தப்பின. வாட்ஸப் படங்களும் அப்படியே.

ஃபோல்டரில் எண்ணிப் பார்த்தால் 8,857. உள்ளே போனது 10,050. காணாமல் போனவை 1,193, அத்தனையும் பெரியவர் எடுத்தவை. கரண்ட் போகாமல் இருந்திருந்தால், முதல் பெயர் மோதலிலேயே மென்பொருள் நின்று கேட்டிருக்கும். கரண்ட் போனபின் வந்த கேள்விக்கு நான் சொன்ன பதில், பின்னால் வரவிருந்த வேறு கேள்விக்கும் சேர்த்துப் பதிலாகிவிட்டது.

மாற்றும்போது தரம் குறையுமா, நிறம் மாறுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பெயர் மாறுமா என்று எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

## மீட்டது எப்படி

முதலில் செய்தது: பட்டறைக்குப் போன் போட்டு அந்த டிஸ்க்கில் இனி ஒன்றுமே எழுத வேண்டாம், கணினியில் செருகவே வேண்டாம் என்றேன். விரைவு ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பது போலத்தான். பக்கங்கள் உள்ளேயே இருக்கும். அவற்றின் மேல் புதிதாக ஏதாவது எழுதினால்தான் போகும். சடங்கு வீடியோ கிட்டத்தட்ட 40 ஜிபி எழுதப்பட்டிருந்தது. சுழலும் தட்டு உள்ள பழைய வகை டிஸ்க் என்பது நமக்கு நல்லதாகப் போயிற்று.

ஐபோன் பக்கம் கவலை இல்லை. மூத்தவர் புதுப் போன் வாங்கியிருந்தாலும் பழையது பீரோவில் இருந்தது. 4,406-உம் அதில் அப்படியே கிடைத்தன. கேமராவின் அட்டை மட்டும் பலமுறை அழித்து எழுதப்பட்டிருந்தது, அங்கே ஒன்றும் இல்லை. டிஸ்க்தான் கதி.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது கோப்புப் பட்டியலைப் பார்க்காது. ஜேபெக் இப்படித்தான் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து டிஸ்க்கைத் துருவிக்கொண்டே போகும். மீட்பதை வேறொரு டிஸ்க்கில் எழுத வேண்டும், அதே டிஸ்க்கில் எழுதினால் மீட்க வந்ததையே அழிப்போம். பதினோரு மணி நேரம் ஓடியது. இருபத்து மூவாயிரத்துக்கு மேல் கோப்புகள் வந்தன: பட்டறைப் படங்கள், நான் மாற்றிய ஜேபெக்குகள், அதற்கும் முந்தைய காலத்துக் குப்பை, தீப்பெட்டி அளவு முன்னோட்டப் படங்கள். ஒன்றுக்குக்கூடப் பழைய பெயர் இல்லை. எல்லாம் ஒரு எழுத்தும் நீள எண்ணும்தான்.

இங்கே பெரியவரின் நோட்டு பயனற்றுப் போயிருக்க வேண்டும், அவர் எழுதி வைத்தது படத்தின் எண்ணை மட்டுமே. ஆனால் சில கேமராக்கள் கோப்பு எண்ணைப் படத்தின் உள்ளேயும், எக்ஸிஃப்போடு சேர்த்து, எழுதி வைக்கும். எக்ஸிஃப்டூல் என்ற கருவியில் ஒரு படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம் வரிகளுக்கு நடுவே ‘கோப்பு எண் 100-2307’ என்று ஒரு வரி. அன்று மாலை டீ குடிக்க மறந்துவிட்டேன்.

கேமரா மாடலை வைத்துப் பெரியவரின் படங்களை மட்டும் பிரித்தேன். நான் மாற்றியவற்றில் எக்ஸிஃப் இல்லாததால் அவை தானாகவே ஒதுங்கின. என் பிழை செய்த ஒரே உபகாரம் அது. உள்ளே இருந்த எண்ணையே பெயராக வைத்ததும் நோட்டின் வரிசை திரும்பி வந்தது. 1,193-இல் 1,121 முழுதாகக் கிடைத்தன. 31 பாதி: மேல்பகுதி சரியாக, கீழே வெறும் சாம்பல். ஒரு சோமாஸ்கந்தரில் சிவனும் உமையும் இடுப்பு வரை இருக்கிறார்கள், நடுவில் நிற்கும் குழந்தை முழுவதும் சாம்பலுக்குள் போய்விட்டது. 41 கிடைக்கவே இல்லை. சடங்கு வீடியோ உட்கார்ந்த இடமாக இருக்கும்.

தேதியில் ஒரு வில்லங்கம். நடுவில் ஒருமுறை கேமராவின் பேட்டரியை வெகுநாள் கழற்றி வைத்ததில் கடிகாரம் ஜனவரி 1-க்குத் திரும்பியிருந்தது. அதற்கப்புறம் எடுத்த சுமார் இருநூறு படங்களில் தேதி தப்பு. நோட்டில் ‘ஆவணி 12’ என்று எழுதியிருந்த ஒரு படத்தைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடித்து, அத்தனை படத்தின் தேதியையும் அந்த அளவுக்கு மொத்தமாக நகர்த்தினேன். கருவி சொன்ன தேதியை நோட்டை வைத்துத் திருத்தினோம். பெரியவருக்கு இதில் ரொம்பத் திருப்தி.

## இரண்டாம் ஓட்டம்

இந்த முறை ஓட்டுவதற்கு முன் மூலத்தை இரண்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, ஒன்றைப் பட்டறை பீரோவில் வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகை எடுத்துப் பட்டியலிட்டேன்; கோப்பு துளி மாறினாலும் அந்தக் கைரேகை மாறிவிடும்.

முக்கியமான முடிவு: ஜேபெக்கைத் தொடவே இல்லை. முதல் தடவை 5,644 ஜேபெக் படங்களை ஜேபெக்காகவே ‘மாற்றி’யிருந்தேன். அதனால் கிடைத்த லாபம் பூஜ்யம், நட்டம் மட்டும் உண்டு. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுணுக்கத்தைக் கழித்துத்தான் சுருக்குகிறது. ஒவ்வொரு முறை திறந்து சேமிக்கும்போதும் இன்னொரு கழிவு. சாதாரணப் படத்தில் தெரியாது. ஆனால் உளியால் இழைத்த கழுத்தணி, இடைக்கச்சின் மணிகள் இவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் ஓட்டத்துப் படத்தில் மணியும் மணியும் ஒட்டிக்கொண்டிருந்தன. இளையவர்தான் காட்டினார். அவர் செதுக்கிய மணி அவருக்குத் தெரியாதா?

எச்.இ.ஐ.சி. மட்டும் மாற்றினேன், இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள் கொண்டு. அதில் மோக்ரிஃபை என்ற கட்டளை உண்டு. வெளியீட்டுக்கு வேறு இடம் சொல்லாமல் விட்டால் அதே பெயருள்ள மூலத்தின் மேலேயே எழுதிவிடும். ஒருமுறை சூடுபட்டவன் என்பதால் தனி ஃபோல்டர் சொல்லி, அதுவும் மூலமில்லாத டிஸ்க்கில், ஓட்டினேன். தரம் 92. எக்ஸிஃப் அப்படியே. கோணத்தைப் படத்திலேயே திருப்பி எழுதச் சொல்லிவிட்டேன்.

பெயர் எல்லாவற்றுக்கும் ஒரே முறை: யார் எடுத்தது, தேதி, பழைய எண். ‘கே’ என்றால் கேமரா, ‘போ’ என்றால் மூத்தவர் போன், ‘இ’ இளையவர். வாட்ஸப் படங்களுக்கு ‘வா’. அவற்றில் எக்ஸிஃப் இருக்காது, பெயரில் உள்ள தேதியும் படம் வந்த தேதியே தவிர எடுத்த தேதி அல்ல. ஆகவே அவற்றைச் சான்றுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று தனியே வைத்தோம்.

முழு ஓட்டத்துக்கு முன் இருபது படத்தில் சோதனை. நல்ல படங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, தொல்லை தரக் கூடியவற்றைத் தேடி எடுத்தேன்: தலைகீழாக எடுத்தது, அகலக் காட்சி, போனிலேயே வெட்டித் திருத்தியது. திருத்திய படத்தை ஐபோன் 2314-க்குப் பக்கத்தில் இ2314 என்ற பெயரில் தனியாகவும் தரும். இது தெரியாமல் எண்ணினால் கணக்கு இடிக்கும்.

முடிந்ததும் ஃபோல்டர் வாரியாக உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று எண்ணி மருமகளிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் கணக்குப் பார்ப்பவர் என்பதால் நான் சொன்ன எண்ணை ஏற்காமல் தானே ஒருமுறை எண்ணினார்.

## அச்சகம் கேட்ட டிஃப்

முதலில் மூத்தவர் எல்லாப் படத்தையும் டிஃப் ஆக்கச் சொன்னார், “அதுலதான் குவாலிட்டி ஜாஸ்தின்னாங்க.” பலரும் இப்படி நினைக்கிறார்கள். டிஃப் ஆக்கினால் அதற்குமேல் தரம் கழியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே கழிந்தது திரும்பி வராது. கூடுவது எடை. ஐபோன் படம் 4,032-க்கு 3,024 புள்ளி. ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்று வைத்தால் சுருக்காத டிஃப் ஒன்று 36 எம்பிக்கு மேல். மூலம் 2 எம்பிதான் இருக்கும். 4,406 படமும் டிஃப் ஆனால் 160 ஜிபி. புத்தகத்துக்கு வேண்டியது 96 படம். அந்த 96-ஐ மட்டும் மூலத்திலிருந்து நேராக டிஃப் ஆக்கினேன், நடுவில் ஜேபெக் வழியாகப் போகாமல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் பத்து அங்குல அகலத்துக்குத் தாராளமாக வரும்.

நிறத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. முதல் ஓட்டத்துப் படத்தில் ஒன்றை அச்சகம் மாதிரிக்கு அடித்து அனுப்பியிருந்தது. “பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி இருக்கு” என்றார் பெரியவர். ஐபோன் தன் நிறங்களை டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற அளவில் எழுதி, அதைச் சொல்லும் குறிப்பையும் கோப்பில் வைக்கிறது. நான் எக்ஸிஃப்போடு அந்தக் குறிப்பையும் கழற்றியிருந்தேன். குறிப்பு இல்லாவிட்டால் பெரும்பாலான மென்பொருள்கள் அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான, குறுகிய அளவு என்று எடுத்துக்கொள்ளும்; அப்போது நிறம் செத்துப்போகும். புதிதாக வார்த்த சிலையின் செம்பு கலந்த மினுக்கம்தான் முதலில் போகும். அச்சுக்குக் குறிப்போடு அனுப்பினேன், அச்சு மையின் நான்கு வண்ணத்துக்கு அவர்களே மாற்றிக்கொண்டார்கள். விண்ணப்பத்துக்கும் இணையத்துக்கும் எஸ்ஆர்ஜிபிக்கு முறையாக மாற்றிக் கொடுத்தேன். இரண்டாம் மாதிரியைப் பெரியவர் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

## பின்னால் நடந்தது, இனி மாறுவது

புத்தகம் மூன்று வாரம் தாமதமாக மாசியில் வந்தது. மீட்பு வேலைக்கும் இரண்டாம் ஓட்டத்துக்கும் நான் காசு வாங்கவில்லை. மூத்தவர் கொடுக்கத்தான் வந்தார்.

கடையில் சில பழக்கம் மாறிவிட்டது. வெளியீடு எப்போதும் வேறு டிஸ்க்கில், மூலத்தின் ஃபோல்டர் அமைப்பிலேயே. ‘கேட்காமல் மேலெழுது’ கட்டத்தை இனி தொடுவதில்லை. ஓட்டம் நடுவில் நின்றால் பாதி வெளியீட்டை அழித்துவிட்டு வெறும் ஃபோல்டரில் புதிதாகத் தொடங்குகிறேன், நேரம் போனாலும் சரி. எண்ணிக்கைத் தாள் இல்லாமல் டிஸ்க் கடையை விட்டுப் போகாது. ‘இனிமே இது போதும்’ என்று வாயால் சொல்வதில்லை. மூலத்தை மூன்று மாதம் அழிக்காதீர்கள் என்று பில்லிலேயே எழுதிவிடுகிறேன். கல்யாண ஆல்பத்துக்கு எக்ஸிஃப்பைக் கழற்றுவது மட்டும் தொடர்கிறது, அது வேறு தேவை. இப்போது டிக்கை எடுப்பதற்கு முன் ஒரு நொடி நிற்கிறேன்.

மூத்தவரிடம் போனின் கேமரா அமைப்பில் ஜேபெக்காகவே சேமிக்கும் வழி இருப்பதைக் காட்டினேன். இடம் அதிகம் பிடிக்கும் என்று யோசித்து, பட்டறைப் படம் எடுக்கும்போது மட்டும் மாற்றிக்கொள்கிறார். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எச்.இ.ஐ.சி.யை அப்படியே வைத்துக்கொண்டு தேவைப்படும்போது மாற்றுவதே மேல் என்பேன், ஆனால் திறக்காத கோப்பைப் பார்த்தால் அழிக்கத் தோன்றும் வீட்டில் அவர் செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கிடைக்காத 41-இல் ஒன்பது, பழைய வாடிக்கையாளர்களுக்காகப் போட்ட காகிதப் படங்களாகப் பட்டறை அலமாரியில் அகப்பட்டன. 600 புள்ளியில் ஸ்கேன் செய்து சேர்த்தோம். மீதி 32-க்கு நேராகப் பெரியவர் நோட்டில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். எண்ணுக்கு முன்னால் இப்போது ‘கே’ என்றும் ‘போ’ என்றும் எழுதுகிறார். கே 2314 கிடைத்துவிட்டது: தேன் நிறத்தில் சிவகாமி, பலகை மேல், இடது கையின் விரல்கள் இன்னும் ஒட்டப்படாமல், பக்கத்தில் வெந்நீர்ச் சட்டியும் ஒரு ஸ்பூனும்.